பகடிக்குள் பார்வையாளர்: 'கேலக்ஸி குவெஸ்ட்' திரைப்பட ஏற்பை முன்வைத்து

முன்னுரை

பகடிக்கு உள்ளானோர் அதனை வெறுப்பர் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. டீன் பாரிசாட் இயக்கத்தில் 1999 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'கேலக்ஸி குவெஸ்ட்' அதனைப் பொய்யாக்கியது. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரையும் அதன் நடிகர்களையும் ரசிகர்களையும் ஒருசேரப் பகடி செய்யும் படம் இது. ஆயினும், உலக அறிபுனை மாநாட்டு உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஹியூகோ விருது, 2000ஆம் ஆண்டில் 'தி மேட்ரிக்ஸ்' உள்ளிட்ட படங்களைக் கடந்து இதற்கே கிடைத்தது. 2013இல் லாஸ் வேகாஸில் கூடிய ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் அவ்வரிசைப் படங்களைத் தரப்படுத்தியபோது, அவ்வரிசையைச் சேராத இப்படத்துக்கு ஏழாம் இடம் அளித்தனர். எள்ளப்பட்டவர்களே எள்ளிய படத்தைத் தமதாக்கிக்கொண்டது எவ்வாறு, அவ்வேற்பின் எல்லை யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

எள்ளலின் இலக்கு

'ஸ்டார் வார்ஸ்' படங்களைப் பகடி செய்த 'ஸ்பேஸ்பால்ஸ்' (1987) கதைமாந்தரையும் வணிகப்பொருள் விற்பனையையும் எள்ளியது. ரசிகர் அதில் கதைமாந்தராக இடம்பெறவில்லை. மாறாக, 1986இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் ஒரு நகைச்சுவைக் காட்சியில், ஸ்டார் ட்ரெக் நடிகர் வில்லியம் ஷாட்னர் ரசிகர்களைக் கடிந்துகொள்வார். அங்கே ரசிகர் மட்டுமே நகைப்பொருள். 'கேலக்ஸி குவெஸ்ட்' படத்திலும் நாயகன் ஜேசன் நெஸ்மித், விண்கலத்தின் நுட்பங்களைப் பற்றி வினவும் பிராண்டன் என்னும் சிறுவனைச் சினந்து விரட்டுகிறான். ஆனால், பின்னர் மெய்யான விண்கலம் அழியும் தறுவாயில் அதன் உட்பாதைகளை அறிந்து வழிகாட்டுபவன் அதே பிராண்டன்தான். பயனற்றதென நகைக்கப்பட்ட அறிவு உயிர்காக்கும் அறிவாகிறது. பகடி என்பது ஏளனமாகவே இருக்க வேண்டியதில்லை, விமர்சன இடைவெளியுடன் கூடிய மறுஆக்கமே அது என்னும் லிண்டா ஹட்சனின் கருத்து (1985) இங்குப் பொருந்துகிறது.

நம்பிக்கையும் பொருளும்

நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளலோடு இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றையும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. இப்படத்தின் நகை எள்ளலில் தொடங்கிப் பேதைமைக்கு நகர்கிறது. தொடரை மெய்யான வரலாறாக நம்பி நடிகர்களை உதவிக்கு அழைத்துச்செல்லும் தெர்மியர் என்னும் வேற்றுக்கோள் மாந்தர் புனைவு என்பதையே அறியாதவர்கள். அவர்களது பேதைமை முதலில் சிரிப்பூட்டுகிறது. எனினும், தன் பாத்திரத்தின் வழமையான வீரவசனத்தை அருவருக்கும் நடிகர் அலெக்சாண்டர் டேன், அவ்வசனத்தை நம்பி வாழ்ந்த தெர்மியன் ஒருவன் உயிர்விடும் நேரத்தில் அதனை முதன்முறையாக உண்மையுடன் உரைக்கிறார். சொல் மாறவில்லை, கேட்பவனின் நம்பிக்கையே அதற்குப் பொருள் தருகிறது. ஆகவே, ரசிகர்கள் இப்படத்தில் கண்டது தம்மைக் குறித்த ஏளனத்தை அன்று; பிரதியின் பொருளை நிறைவுசெய்பவராகத் தாம் பெற்ற இடத்தையே எனலாம்.

ஏற்பின் எல்லை

இவ்விடம் அனைவருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. தொடரில் ஒருமுறை தோன்றி மடிந்த பெயரற்ற துணைப்பாத்திரத்தை ஏற்றிருந்த கை ஃபிளீக்மேன், தானும் அவ்வாறே மடிவோம் என அஞ்சுகிறான். இறுதியில் புத்துயிர் பெறும் தொடரில் அவனுக்குப் பெயருள்ள பாத்திரம் அமைகிறது. கணினி கூறுவதைத் திரும்பக் கூறுவதே தன் வேலை என நொந்துகொள்ளும் க்வென் டிமார்க்கோவுக்கோ இத்தகைய ஈடு இல்லை. அறிபுனைத் தொடர்கள் பெண்ணை அழகுப்பொருளாக்கியதை அவள் வாயிலாகச் சுட்டும் படம், கதை வளர வளர அவளது உடையைக் கிழித்து அதே காட்சியின்பத்தை வழங்குகிறது. கலத்தைக் காக்கும் அறிவும் இளைஞர்களாகிய ஆண் ரசிகர்களின் அறிவாகவே முதன்மைப்படுத்தப்படுகிறது.

முடிவுரை

'கேலக்ஸி குவெஸ்ட்' பெற்ற ஏற்பு, பகடியின் கூர்மை மழுங்கியதன் விளைவு அன்று. அது தன் இலக்கை ரசிகரின் ஈடுபாட்டிலிருந்து அவ்வீடுபாட்டை இகழும் மனப்பாங்கிற்கு மாற்றியதன் விளைவாகும். எனினும், விருதும் தரவரிசையும் எத்தனைபேர் விரும்பினர் என்பதையே காட்டுகின்றன. பிரதி யாருடைய ஈடுபாட்டை மதித்தது, யாரை நகைப்புக்குரிய பழைய இடத்திலேயே நிறுத்தியது என்பதைப் பார்வையாளர் கருத்துகளை ஆராய்வோர் பிரதியோடு சேர்த்தே வினவ வேண்டும்.