இலத்தீன் அமெரிக்க வழியினரின் இளையோர் நாவல்களில் நட்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆங்கிலத்தில் எழுதப்பெறும் இளையோர் நாவல்களுள், இலத்தீன் அமெரிக்க வழியினரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டவை இன்று தனித்ததோர் இடம் பெற்றுள்ளன. மெக்சிகோ, கியூபா, புவேர்த்தோ ரிக்கோ, தொமினிக்கன் குடியரசு முதலிய நிலங்களிலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் அந்நாட்டில் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 21 இலட்சம் பேர் ஆவர். இவர்களுள் சிறுவர்க்கும் இளையோர்க்கும் நூல் செய்வோரைப் பாராட்டும் புரா பெல்ப்ரே விருது 1996 முதல் வழங்கப்பெற்று வருகின்றது. ஆகவே, இவ்விலக்கியம் ஆராய்ச்சிக்குரிய அளவு வளர்ந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

இந்நாவல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இன அடையாளம் என்னும் ஒன்றையே முதன்மைப்படுத்துவர். நட்பை அவ்வடையாளம் நின்று விளங்குதற்குரிய பின்புலமாகவே கொள்வர். இக்கருத்து மறு ஆய்வுக்குரியது. குடும்பம் அடையாளத்தை மரபுச் செல்வமாகத் தருகின்றது. பள்ளியும் ஊரும் அதனைப் பெயர்ச்சீட்டாக ஒட்டுகின்றன. நண்பன் ஒருவனே அதனை வினாவாகக் கேட்கின்றான். இவ்வினா கேட்கப்படும் இடத்தில் நாவல் உயிர்பெறுகின்றது. கேட்கப்படாத இடத்தில் அது செய்தித் தொகுப்பாகச் சுருங்குகின்றது. இதனை மூன்று நூல்களைக் கொண்டு நிறுவ முயல்வோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். ஸ்பானிய மொழியில் ஆணைக் குறிக்க லத்தீனோ என்றும், பெண்ணைக் குறிக்க லத்தீனா என்றும் வழங்குவர். பால் வேறுபாடு கடந்த பொதுச் சொல்லாக லத்தினெக்ஸ் என்பது அண்மையில் எழுந்தது. ஆயினும், பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவ்வினத்தாருள் அச்சொல்லைத் தமக்கு வழங்கிக்கொள்வோர் நூற்றுக்கு 3 பேரே. தம்மை எப்பெயரால் அழைப்பது என்பதிலேயே ஒருமை காணாத மக்களின் இளையோர்க்கு, 'யான் யார்?' என்னும் வினா ஏட்டுவினா அன்று. நாள்தோறும் எதிர்ப்படும் வினா. நாம் காணவிருக்கும் நூல்கள் மூன்றிலும் மாந்தர்தம் பெயர்கள் பொருள் பொதிந்து நிற்றல் இது பற்றியே போலும்.

சான்ட்ரா சிஸ்நெரோஸ் எழுதிய 'மாங்கோ தெருவில் உள்ள வீடு' 1984இல் வெளிவந்தது. இளையோர்க்கென்றே எழுதப்பெற்றதன்று எனினும், பள்ளிகளில் பரவலாகப் பயிலப்படுவது. சிகாகோ நகரின் எளிய தெரு ஒன்றில் வாழும் எஸ்பெரான்சா என்னும் சிறுமி சிறுசிறு பகுதிகளாகத் தன் வாழ்வைக் கூறுகின்றாள். அவள் பெயர்க்கு நம்பிக்கை என்பது பொருள். பள்ளியில் அப்பெயரைத் தகரத்தால் ஆயது போல ஒலித்துக் கெடுக்கின்றனர். அத்தெருவில் அவளுக்கு முதலில் வாய்க்கும் தோழி கேத்தி என்பவள், அடுத்த செவ்வாய்க்கிழமை வரையே நட்பு என்று எல்லை வகுக்கின்றாள். ஏனெனில், அத்தெரு கெட்டுவருவதால் அவள் குடும்பம் வேறிடம் செல்கின்றது. தெருவைக் கெடுப்போர் யாவர்? எஸ்பெரான்சாவின் குடும்பத்தைப் போன்று புதிதாகக் குடியேறுவோரே. குழந்தையின் வாயில் பிறக்கும் இவ்வொரு சொல்லில் ஒரு நகரத்தின் இனப்பிரிவு முழுவதும் அடங்கியுள்ளது. ஆசிரியர் அதனை விளக்கவில்லை. விளக்கியிருப்பின் அதன் கூர்மை மழுங்கியிருக்கும்.

பின்னர் லூசி, ரேச்சல் என்னும் உடன்பிறந்தார் இருவர் பழைய மிதிவண்டி ஒன்றை வாங்க ஐந்து டாலர் கேட்கின்றனர்; கொடுத்தால் என்றும் நட்பு என்கின்றனர். எஸ்பெரான்சா தன் பெயரைக் கூறுங்கால் அவர்கள் சிரிக்கவில்லை. பள்ளியில் சிதைந்த பெயர் நட்பில் முழுமையுறுகின்றது. அடையாளம் பற்றிய நெடிய உரை ஒன்று செய்யவியலாததைச் 'சிரிக்கவில்லை' என்னும் அளவான குறிப்பு செய்துவிடுகின்றது.

எனினும், சிஸ்நெரோஸ் நட்பைப் போற்றிப் பாடுவதோடு அமையவில்லை. சாலி என்னும் தோழியைச் சிறுவர் சிலர் முத்தம் கேட்டுத் துன்புறுத்துகின்றனர் எனக் கருதி, எஸ்பெரான்சா அவளைக் காக்க ஓடுகின்றாள். சாலியோ அவளை வீட்டுக்குப் போகச் சொல்கின்றாள். பின்னர், களியாட்டத் திடல் ஒன்றில் சாலி விட்டுச் சென்றமையால் எஸ்பெரான்சா பெருந்தீங்கிற்கு ஆளாகின்றாள். எட்டாம் வகுப்பை எய்துமுன்னரே மணம் புரிந்துகொண்ட சாலி, சன்னல் வழி நோக்கவும் உரிமையின்றி அடைபடுகின்றாள். ஓரினத்துப் பெண்கள் என்னும் ஒன்றே அவர்களைக் காக்கவில்லை. இனம் தரும் ஒற்றுமைக்கும் நட்பு தரும் ஒற்றுமைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்நூல் மறைக்கவில்லை. அதுவே அதன் பெருமை.

பெஞ்சமின் ஆலிரே சாயன்ஸ் 2012இல் வெளியிட்ட 'அரிஸ்டாட்டிலும் டாண்டேயும் பேரண்டத்தின் இரகசியங்களைக் கண்டறிகின்றனர்' என்னும் நாவல், டெக்சாஸ் மாநிலத்து எல்லை நகரான எல் பாசோவில் 1987இல் தொடங்குகின்றது. நீந்தத் தெரியாத ஆரியும் நீச்சல் கற்பிக்க முன்வரும் டாண்டேயும் குளத்தில் சந்திக்கின்றனர். தம் பெயர்களைக் கூறிக்கொண்டவுடன் இருவரும் சிரிக்கின்றனர். முன்னைய நூலில் சிரியாமை நட்பாயிற்று. இங்குச் சிரிப்பே நட்பாகின்றது. மெக்சிகோ வழிவந்த சிறுவர் இருவர் ஐரோப்பியப் பேரறிஞரின் பெயர்களைச் சுமந்து நிற்கும் விந்தையைப் பிறர் விளக்காமலே அவ்விருவரும் உணர்கின்றனர்.

டாண்டேயின் தந்தை பேராசிரியர். டாண்டே தன்னை மெக்சிகர் என்று உணர்வதில் இடர்ப்படுகின்றான். மெக்சிகோ மரபினின்றும் விலகி அமெரிக்கராய் விட்டவரைக் குறிக்கும் 'போச்சோ' என்னும் இகழ்ச்சொல் அவர்தம் பேச்சில் இடம்பெறுகின்றது. ஆரிக்கு அவ்வையம் இல்லை. அவனை வருத்துவது வேறு. தந்தை வியட்நாம் போரைப் பற்றி வாய் திறப்பதில்லை. சிறையிலுள்ள தமையனைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. ஒருவனுக்கு மரபு எட்டவில்லை. மற்றவனுக்கு மரபு வாய்பேசவில்லை. இவ்விரு குறைகளும் நட்பில் எதிரெதிர் நிற்கும்போதுதான் அடையாளம் என்பது ஒன்றன்று, பல என்பது புலனாகின்றது. அந்நட்பு காதலாகக் கனியும் போதும் இனமும் பாலும் தனித்தனிச் சிக்கல்களாக நில்லாமல் ஓருயிரின் வினாவாகவே அமைகின்றன.

இந்நூலின் முடிவில் ஒரு குறை உண்டு. ஆரி தன் உள்ளத்தைத் தானே கண்டடைய விடாது, பெற்றோர் அவனை அமர்த்தி அவன் காதலை அவனுக்கே எடுத்துரைக்கின்றனர். பெற்றோர் அன்பினர் என்பது உண்மை; அத்தகைய பெற்றோரைக் காட்டுதல் இளையோர்க்கு ஆறுதலும் ஆகும். ஆயினும் கண்டறிதலைத் தலைப்பிலேயே கொண்ட நாவலில், இருவர் கண்டறிய வேண்டியதை மூத்தோர் சொல்லிவிடுதல், நட்பிற்குரிய உரிமையைக் குடும்பத்திற்கு மாற்றிக் கொடுத்ததாகின்றது.

மெக் மெடினா 2013இல் எழுதிய 'யாக்கி தெல்காதோ உன்னை உதைக்க எண்ணுகிறாள்' என்னும் நாவல், நட்பின் இன்மையைக் கொண்டே நம் கருத்தை மெய்ப்பிக்கின்றது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் புதிய பள்ளியொன்றில் சேரும் பிடி என்பவளின் முழுப்பெயர் பியேதாத். இரக்கம் என்னும் பொருளும் அதற்கு உண்டு. தாய் கியூபாவினள், தந்தை தொமினிக்கர். உயிர்த்தோழி மிட்சி லாங் தீவுக்குக் குடிபெயர்ந்துவிட்டாள். வெளிர்நிறமும் நன்கு படிக்கும் இயல்பும் ஸ்பானியச் சாயலற்ற ஆங்கிலமும் உடைமையால், பிடி உண்மையான லத்தீனா அல்லள் எனப் பழிக்கப்படுகின்றாள். பழிப்போரும் அவளை அடிக்கத் துணிவோரும் அவள் இனத்தாரே. ஆகவே, அடையாளத்தை அளந்து தீர்ப்புக் கூறுவார் வெள்ளையர் மட்டும் அல்லர். தோழி அருகிலில்லாத நிலையில் அவ்வினா உசாவலாக வாராது தண்டனையாகவே வருகின்றது. பிடி தன் துன்பத்தை நெடுநாள் மறைத்து வாடுதல் இதன் விளைவாகும்.

அகப்பொருள் பயின்ற நமக்குத் தோழி கூற்றின் சிறப்பு புதிதன்று. தலைவியின் உள்ளத்தை உலகிற்கு உரைக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அக்கருவியைக் கொண்டு நோக்கினால் ஒரு வேறுபாடு விளங்கும். அங்குத் தலைவி யார் என்பதில் தோழிக்கு ஐயமில்லை. இங்கோ இருவர்க்கும் அதுவே ஐயம்.

இனி, ஒரு மறுப்பினை எண்ணிப் பார்த்தல் தகும். இவ்வினத்தார் வாழ்வை அறியாத வாசகர் பலர் உளர். அவர்க்காக உணவும் விழாவும் மொழியும் விளக்கப்படுதல் இன்றியமையாதது என்பர். வாசகர்க்கு வழிகாட்டல் குற்றமன்று. ஆனால், நண்பர் இருவர் தாம் அறிந்ததை ஒருவர்க்கொருவர் விளக்கிக்கொள்வாராயின், அவர்கள் பேசுவது தம்முள் அன்று. தோள்மேல் எட்டிப்பார்க்கும் அயலானோடு பேசுகின்றனர். அங்கு நட்பு பொய்யாகின்றது. நட்பு பொய்யானபின் அடையாளமும் காட்சிப்பொருளாகின்றது. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அவ்வினத்து இளையோன் நூலை எடுக்கும்போது, தன் வாழ்வைப் பற்றிய நூலிலும் தான் விருந்தினனாகவே நிற்கக் காண்பான்.

ஆகவே, இத்தகைய நாவலை எழுதப் புகுவார்க்கும் ஆராய்வார்க்கும் உரிய அளவுகோல் ஒன்று பெறப்படுகின்றது. கதைமாந்தர் எவ்வினத்தர் என்பதை எத்தனை இடங்களில் கூறியுள்ளார் எனக் கணக்கிடுதல் வேண்டா. நண்பனிடம் எதனை விளக்காது விடுகின்றனர், எதனைக் கூறக் கூசுகின்றனர், எதற்குச் சேர்ந்து சிரிக்கின்றனர் என்பவற்றை நோக்குக. அவ்விடங்களிலேயே இளையோரின் அடையாளம் உண்மையாக வாழ்கின்றது.