மே 35: ஒரு திகதியின் மொழி

சீன நாவலாசிரியர் யூ ஹுவா 2011 இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையொன்று 'மே 35' என்னும் திகதியைப் பொருளாகக் கொண்டது. மே மாதத்துக்கு முப்பத்தொரு நாட்களே உண்டு. அதற்கப்பால் மேலும் நான்கு நாட்களை எண்ணின் யூன் 4 வரும். 1989 இல் பெய்ஜிங் தியனன்மென் சதுக்கத்திலும் அதனைச் சூழ்ந்த வீதிகளிலும் மாணவரும் தொழிலாளரும் படையினரால் ஒடுக்கப்பட்ட நாள் அது. அத்திகதியை நேராக எழுதச் சீனத்துத் தணிக்கை இடமளிப்பதில்லை.

தமது 'பத்துச் சொற்களிற் சீனம்' நூல் சீனப் பெருநிலத்தில் வெளிவர இயலாது தைவானில் வெளிவந்ததையும், புனைகதையின் மறைபொருள் காரணமாக 'சகோதரர்கள்' நாவல் பெருநிலத்திலேயே வெளிவந்ததையும் ஆசிரியர் ஒப்புநோக்குகிறார். முன்னையது யூன் 4 எழுத்து. பின்னையது மே 35 எழுத்து. தடையே மொழியின் அணியாற்றலைக் கூர்மையாக்கியது என்பது அவர் கருத்து. இக்கருத்து கவர்ச்சியானது, ஆயின் முழுமையாக ஏற்கத்தக்கதன்று.

முதலில் எண்ணை நோக்குவோம். சீனர் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதுவர். எனவேதான் '8964' என்பது அவர்களுக்கு ஒரு முழுத் திகதி. நாம் 4.6.1989 என எழுதும் வழக்கினர், '6.4' என்பதை நம்மவர் ஏப்ரல் 6 என்றே வாசிப்பர். அரசியற் சம்பவங்களை மாத, நாள் எண்களாற் பெயரிடுதலும் சீன மரபே. 1919 இன் மே 4 இயக்கம் 'ஐந்து-நான்கு' எனப் பாடநூல்களிற் போற்றப்படுகின்றது. 1976 ஏப்ரல் 5 இல், சூ என்லாய்க்கு அஞ்சலியாக அதே சதுக்கத்திற் கவிதைகள் ஒட்டியோர் எதிர்ப்புரட்சியாளராகக் கண்டிக்கப்பட்டனர். 1978 நவம்பரில் அச்செயல் புரட்சிகரமானதெனத் திருத்தி மதிப்பிடப்பட்டது. கவிதைகளும் நூலாயின. அதே அமைப்பிலான 'ஆறு-நான்கு' என்னும் பெயருக்கே இன்றுவரை விடுதலை கிட்டவில்லை.

எழுத்து மரபொன்றைத் தடைசெய்ய முனைவோர் எண்கணிதத்தையே தடைசெய்ய நேர்கிறது. எட்டின் வர்க்கம், அறுபத்துமூன்றுடன் ஒன்று, உரோம எண்கள் எனத் தடைப்பட்டியல் நீண்டது. 'மே 35' உம் அதிற் சேர்ந்தது. 2012 யூன் 4 இல் சங்காய் பங்குச்சந்தைச் சுட்டெண் 64.89 புள்ளிகள் வீழ்ந்தது. சந்தை சதி செய்யாது என்பதைத் தணிக்கையாளர் அறியாதாரல்லர்; எனினும் அச்சுட்டெண்ணின் பெயரே தேடலில் முடக்கப்பட்டது.

இத்தகைய நகைப்புக்கிடமான செய்திகளே அதிகம் பேசப்படுகின்றன. நம்மைக் கலங்கச் செய்வது வேறொன்று. 2007 இல் செங்டு நகர மாலைப் பத்திரிகையொன்றில், '64' இற் பலியானோரின் உறுதிமிக்க தாய்மாருக்கு வணக்கம் தெரிவிக்கும் ஒற்றைவரி விளம்பரம் வெளியாயிற்று. விளம்பரத்தை ஏற்ற இளம் ஊழியர் அவ்வெண்ணின் பொருள் யாதெனக் கேட்டதாகவும், சுரங்க விபத்தொன்றின் நாள் எனக் கூறப்பட்டபோது அதனை நம்பியதாகவும் செய்தி வெளிவந்தது. பின்னர் ஆசிரியர் குழுவினர் சிலர் பதவியிழந்தனர்.

இவ்விடத்திலேயே நாம் யூ ஹுவாவுடன் முரண்படுகிறோம். மறைகுறி அறிந்தோருக்கிடையே ஓடும் மொழி. அறியாதோருக்கு அது எதனையும் கற்பிப்பதில்லை. மே 35 என்பதைக் கண்டு புன்னகைக்க, யூன் 4 ஐ முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவை அடுத்த தலைமுறைக்கு அளிப்பது அவர் இரண்டாவதாக வைக்கும் எழுத்தன்று. தைவானில் அச்சேறிய முதலாவதே. அணியழகை வியப்போர் இதனை மறந்துவிடுதல் எளிது.

மறைகுறி பாதுகாப்பானது என்றும் கொள்வதற்கில்லை. சீன மொழியில் மதுவைக் குறிக்கும் சொல் ஒன்பதின் ஒலியை ஒத்தது. அவ்வொலியொப்பால் 89, 64 ஆகிய எண்களை மதுப்போத்தற் சுட்டியிற் பொறித்த செங்டு நகரத்தார் நால்வர் 2016 இற் கைதாகி, ஏறத்தாழ மூன்றாண்டுகள் காவலிலிருந்தபின் 2019 இலேயே தண்டனைத் தீர்ப்பைப் பெற்றனர். ஹொங்கொங்கில் 1990 முதல் 2019 வரை விக்டோரியாப் பூங்காவில் மெழுகுதிரி ஏந்தி வெளிப்படையாக நினைவுகூரப்பட்ட நாள், 2020 முதல் அங்கும் தடைக்குள்ளாயிற்று. 2024 யூன் 3 இல் அந்நகரத்துத் தெருவொன்றிற் கலைஞர் ஒருவர் அந்நான்கு இலக்கங்களையும் விரலாற் காற்றில் எழுதினார். பொலிசார் அவரை அழைத்துச் சென்று பின்னர் விடுவித்தனர்.