எழுத்துத் திருட்டும் சொல்லெண்ணிக்கையும்

பிறருடைய ஆக்கத்தையோ கருத்தையோ தம்முடையதாகக் காட்டுதல் எழுத்துத் திருட்டு என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள் தரும் வரையறையாகும். இவ்வரையறையில் கருத்தும் இடம்பெறுகிறது. ஆனால், தண்டனையை வகுக்கும் பகுதி ஒப்புமை விழுக்காட்டையே அளவுகோலாகக் கொள்கிறது. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை முதல் நிலை. 60 வரை இரண்டாம் நிலை. அதற்கு மேற்பட்டது மூன்றாம் நிலை. மூன்றாம் நிலையில் ஆய்வு மாணவரின் பதிவே நீக்கப்படும். தற்செயலான ஒப்புமை என்ற வகையில், தொடர்ந்து வரும் 14 சொற்கள் வரை விலக்கும் அளிக்கப்பட்டுள்ளது. இவ்வளவுகோல் எம்மொழியின் இயல்புக்கு ஏற்றது என்பது ஆராயத்தக்கது.

மும்பை டிராம்பேயில், அணுசக்தி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹோமி பாபா தேசிய நிறுவனம் 2005ஆம் ஆண்டு நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னைக் கணித அறிவியல் நிறுவனமும் அதன் உறுப்புகள். அங்கு ஆங்கிலத்தில் எழுதப்படும் இயற்பியல் ஆய்வேட்டினை, ஆங்கில இதழ்களைப் பெருமளவில் திரட்டி வைத்துள்ள மென்பொருள் ஓரளவு செம்மையாக ஒப்பிட இயலும். அதே விதிகளே பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் ஆய்வேட்டுக்கும் உரியவை. சிக்கல் அங்கேதான் தோன்றுகிறது.

'எழுதப்படாதவற்றையும்' என்பது தமிழில் ஒரு சொல். செயப்பாட்டு, எதிர்மறை, பன்மை, வேற்றுமை, உம்மை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கியுள்ளன. ஆங்கிலத்தில் இதனைக் கூற ஆறு சொற்கள் வேண்டும். ஆகவே, 14 தமிழ்ச்சொற்களில் ஒரு முழு வாதமே அடங்கிவிடக்கூடும். மேலும், 'செய்துகொண்டிருக்கிறது' என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல். பிரித்து எழுதினால் மூன்று. இடம்விட்டு எழுதும் முறை மாறின் எண்ணிக்கை மாறும். ஒப்புமைத் தொடரும் அறுபடும். ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த கோப்புகளோ, மாற்றம் செய்யப்பட்டாலன்றிப் பொறிக்குத் தமிழாகவே தோன்றா.

இவற்றினும் பெரிது மொழிபெயர்ப்புத் திருட்டு. ஆங்கிலக் கட்டுரையொன்றைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கித் தம் பெயரில் வெளியிடுவோரை, எழுத்தோடு எழுத்தை ஒப்பிடும் பொறி கண்டறியாது. மாறாக, நூற்பாக்களையும் உரைகளையும் முறையாக எடுத்துக்காட்டும் இலக்கண ஆய்வேட்டில், மேற்கோள்களுக்கு விதி விலக்களித்திருந்தும், பொறி அவற்றைப் பிரித்தறியாதவிடத்து விழுக்காடு உயர்ந்துவிடும்.

தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலை வேறு வகையில் அணுகியுள்ளது. தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கிறது. மொழிபெயர்ப்பு அங்கு முதனூலாகக் கொள்ளப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்குக் கூறும் எட்டனுள், ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' வைக்கப்பட்டுள்ளது. எடுத்தாளுதலை அம்மரபு ஏற்றது. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை நூலின் முகப்பிலேயே கூறவும் வேண்டியது.

தமிழ் ஆய்விதழ்கள் இந்நெறியை மேற்கொள்ளலாம். எக்கருத்து எம்மொழி நூலிலிருந்து, நேரடியாகவோ மொழிபெயர்ப்பின் வாயிலாகவோ பெறப்பட்டது என்னும் வழிக்கூற்றை ஒவ்வொரு கட்டுரையுடனும் பெறுதல் வேண்டும். மதிப்பீட்டாளருள் ஒருவரேனும் மூலமொழி அறிந்தவராதல் நன்று. ஐயம் எழுமிடத்து இரு பனுவல்களையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, கட்டுரையாளரின் விளக்கத்தைக் கேட்ட பின்னரே முடிவு காணவேண்டும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை மறைத்துவிடாமல், காரணத்தைக் குறித்து வெளியிடுதல் பிற ஆய்வாளர்க்குப் பயன்படும். பொறி தரும் விழுக்காடு இவ்வாய்வுக்குத் துணையாக மட்டுமே கொள்ளத்தக்கது.