உள்வரியில் விழுந்த உச்சஒலி

எல்.பி. இசைத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுழல்கிறது. ஆனால் முள்ளுக்கு அடியில் ஓடும் வரிப்பள்ளத்தின் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குலத் தட்டில் முதல் வரியின் விட்டம் ஏறத்தாழ 29 செ.மீ.; கடைசி வரியின் விட்டம் ஏறத்தாழ 12 செ.மீ. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆகவே ஓரத்தில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும் பள்ளம், உள்ளே 21 செ.மீ. மட்டுமே ஓடுகிறது. அதே ஒலியலையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியாக வேண்டும். அந்த நுண்ணிய நெளிவுகளில் முள்முனை சரியாகப் படியாது. உச்சஒலிகள் மங்கும், உரத்த ஒலிகள் கரகரக்கும்.

எனவேதான் பக்கத்தின் தொடக்கத்தில் துடிப்பான பாட்டையும் முடிவில் அமைதியான பாட்டையும் வைப்பதைத் தயாரிப்பாளர்கள் பலர் விரும்பினார்கள். பாட்டு வரிசையைக் கலைஞனின் விருப்பம் என்று மட்டும் கொள்ளும் விமர்சனம் பாதி விமர்சனமே.

பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' தட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பக்கம் சர்க்கஸ் கொட்டகை ஆரவாரத்தில் முடிகிறது. தட்டைத் திருப்பினால் ஜார்ஜ் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ'. தம்பூரா, தில்ருபா, தபலா! மற்றப் பாட்டுகளோடு எளிதில் ஒட்டாத இந்த ஐந்து நிமிடப் பாட்டுக்குப் பக்கத்தின் தொடக்கமே தகுந்த இடம். நீங்கள் எழுந்து போய்த் தட்டைத் திருப்பும் நேரம் காதுக்கு ஓய்வாகிறது. 1987-இல் இது குறுந்தகடாக வந்தபோது அந்த ஓய்வு போயிற்று. ஆரவாரத்தை அடுத்து உடனே தம்பூரா. இதை இழப்பு என்றே சொல்வேன்.

இரண்டாம் பக்கத்தின் முடிவோ வேறு கதை. 'எ டே இன் தி லைஃப்' பாட்டில் 40 வாத்தியக்காரர்கள் இரண்டு முறை அடியொலியிலிருந்து உச்சத்துக்கு ஏறுகிறார்கள். இரண்டாவது ஏற்றம் தட்டின் மிக மோசமான இடத்தில் விழுகிறது. ஒலிப்பொறியியலின்படி இது தவறான இடம்தான். ஆனால் இந்தப் பாட்டுக்குப் பின் வேறு எதை வைத்தாலும் சப்பென்று போகுமே! இசைக்காகக் கரகரப்பைப் பொறுத்துக்கொண்ட துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதன்பின் பியானோக்கள் பல சேர்ந்து ஒலிக்கும் ஒரே கூட்டுச்சுரம் 40 விநாடிக்கு மேல் தேய்கிறது. ஒலி குறையக் குறையப் பதிவின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். தட்டில் கேட்டால், அதன் கடைசி இழைகள் தட்டின் சொந்தச் சரசரப்போடு கலந்துவிடுகின்றன. இங்கே மட்டும் குறுந்தகடு வென்றது. கூர்ந்து கேளுங்கள்: பதிவுக்கூடத்தில் ஏதோ கிறீச்சிடுவதுகூடக் காதில் விழும்.