பாத்திரத்தில் வெட்டிய பெயர்

போகிக்கு முன்னால் பரணைக் காலி செய்யும்போது துணிமணி பெரிய தொல்லை தருவதில்லை. கிழிந்தது, சிறுத்தது, சாயம் போனது என்று ஒவ்வொன்றும் தன் முடிவைத் தானே சொல்லிவிடும். எவர்சில்வர் பாத்திரம் அப்படிச் சொல்லாது. எத்தனை வருஷம் தூசியில் கிடந்தாலும் சபீனா போட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்தால் பளிச்சென்று நிற்கும். மூன்று பேர் உள்ள வீட்டில் இவ்வளவு பெரிய அடுக்கு எதற்கு, எடைக்குப் போட்டுவிடலாம் என்று கையில் எடுத்துத் திருப்புகிறோம். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு பெயர். அதைப் படித்ததும் எடைக்காரருக்கு என்று ஒதுக்கிய குவியலுக்கு அது போக மறுக்கிறது.

அந்த எழுத்தை நெருங்கிப் பார்க்க வேண்டும். பழைய பாத்திரங்களில் அது புள்ளி புள்ளியாக இருக்கும். பாத்திரக்கடையில் பெயர் வெட்டுகிறவர் சின்ன உளியைத் தகட்டில் நிறுத்தி, சுத்தியலால் தட்டிக்கொண்டே நகர்த்துவார். தாளில் எழுதிக் கொடுத்த பெயர் அடி அடியாகப் பாத்திரத்தில் ஏறும். தப்பாக விழுந்த அடியை அழிக்க வழியில்லை. தட்டையான தட்டில் வெட்டுவது ஒரு திறமை என்றால், வயிறு வளைந்த குடத்தில் வரிசை சாயாமல் வெட்டுவது வேறொரு திறமை.

எங்கள் வீட்டுத் தாம்பாளம் ஒன்றில் ‘அன்பளிப்பு’ என்று வெட்டியிருக்கிறது. எழுத்து முழுவதுமே புள்ளிகள்தான். அப்படியானால் ‘ன்’னுக்கும் ‘ப்’புக்கும் தலையில் வைக்க வேண்டிய புள்ளியை எப்படித் தனித்துக் காட்டுவது? வெட்டியவர் அந்த இரண்டு இடத்திலும் சற்று ஓங்கி அடித்திருக்கிறார். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. விரல் நுனியால் தடவினால் அந்தப் பள்ளம் மட்டும் ஒரு மயிரிழை ஆழமாகத் தட்டுப்படும். கூலிக்கு உட்கார்ந்து நாள் முழுவதும் பெயர் வெட்டியவர், மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த மரியாதையைத் தந்திருக்கிறார்.

பாத்திரத்தின் வயதையும் எழுத்தே சொல்லும். பிற்பாடு மின்சாரப் பேனா வந்தது. புள்ளி போய், லேசாக நடுங்கும் கோடு வந்தது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்திய ‘லை’க்கு யானைத் துதிக்கைபோல மேலே சுழித்த கொம்பு உண்டு. தலைதீபாவளிக்குத் தந்த தூக்குவாளியில் அந்தத் துதிக்கை இருந்தால், தேதி வெட்டாவிட்டாலும் பழைய வடிவத்துக்குப் பழகிய கையின் எழுத்து அது என்று தெரிந்துவிடும். உளியால் அந்தச் சுழியைச் சுற்றி முடிக்க எத்தனை அடி வேண்டியிருந்திருக்கும்!

பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தையும் கவனிக்காமல் விடக்கூடாது. அம்மாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் அவர் பெயருக்கு முன்னால் தாத்தாவின் இனிஷியல் இருக்கிறது. பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் வாங்கியவற்றில் அப்பாவின் இனிஷியல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு பெண் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு வந்தது அந்த ஓரெழுத்தில் அடங்கியிருக்கிறது. கல்யாண ஆல்பத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக அது இல்லை.

இந்தப் பெயர்கள் தேயாமல் இருப்பதற்கு உலோகமும் ஒரு காரணம். எவர்சில்வரில் இரும்போடு குரோமியம் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் பரப்பின்மேல் படிந்து துருவைத் தடுக்கிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் காற்றுப் பட்டு மறுபடியும் படலம் படிகிறது. ஆகவே உளி குத்திய ஒவ்வொரு புள்ளியும் தானே ஆறிக்கொண்டது. காயம் ஆறியது; பெயர் மட்டும் நிலைத்தது.

பெயர் வெட்டியதே பாத்திரம் வீட்டை விட்டு வெளியே போகும் என்பதால்தான். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கும் தெருக்கோடிக் கல்யாணத்துக்கும் அண்டாவும் தாம்பாளமும் போய் வந்தன. கழுவிக் கவிழ்த்த குவியலில் யாருடையது எது என்று பெயரைப் பார்த்துப் பிரித்தார்கள். எங்கள் பரணிலும் வேறொரு வீட்டுப் பெயர் வெட்டிய சம்புடம் இருக்கிறது. பலகாரம் வந்த சம்புடத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வைத்திருந்திருப்பார்கள். அதற்குள் அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது. நம்முடையதல்லாத அதைத் தூக்கிப்போடக் கை இன்னும் தயங்குகிறது.

வீட்டைச் சீர்படுத்தச் சொல்லிக்கொடுத்து உலகப் புகழ்பெற்ற ஜப்பானியப் பெண்மணி மரி கொண்டோ, முதலில் துணி, அடுத்துப் புத்தகம், தாள், சில்லறைச் சாமான், கடைசியாகத்தான் நினைவுப் பொருள் என்று வரிசை வகுத்திருக்கிறார். முடிவெடுத்துப் பழகிய பிறகே கடினமானதைத் தொட வேண்டும் என்பது நல்ல யோசனை. ஆனால் நம் வீட்டில் நினைவுப் பொருளென்று தனியாக ஒரு பெட்டி இல்லை. அது பருப்பு வேகவைத்த சட்டியிலும் பால் வாங்கிய தூக்கிலும் இருக்கிறது. சமையலறைச் சாமானை ஒதுக்குகிறோம் என்று தொடங்கி, குடும்பத்தின் ஆட்களை ஒவ்வொருவராகக் கையில் எடுக்கிறோம். அதனால்தான் அரை நாள் வேலை நாலு நாள் இழுக்கிறது. அந்தத் தாமதத்துக்காக யாரும் வெட்கப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இன்றைய வீடுகளில் இடமில்லை என்பதும் உண்மை. புழங்குவதற்காகச் செய்ததைப் பரணில் பூட்டுவதால் அதற்குப் பெருமை சேர்வதில்லை. தினம் கைபடுகிற அளவில் இருப்பவற்றைக் கீழே இறக்கிச் சமைக்கலாம். பெரிய அண்டாவைப் பந்தி போடும் கோயிலுக்குக் கொடுக்கலாம்; பெயரோடு ஊர்ச் சோறு வேகும். அத்தை பெயர் உள்ளதை அத்தை மகளிடம் சேர்க்கலாம். எடைக்குத்தான் போடவேண்டும் என்றால், அதற்கு முன் தேய்த்துக் கழுவி, எழுத்தைத் தடவிப் படித்து, இது யார், எப்போது, எதற்காக வாங்கினார் என்று வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொல்லிவிட வேண்டும். தராசு இரும்பின் எடையைத்தான் காட்டும். பெயரின் கதையைச் சொல்லிவைப்பது நம் பொறுப்பு.