ஜானு ஏன் தேடவில்லை? '96' படத்தை முன்வைத்து

'போன் இல்லாத காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு' என்று என் வயதுக்காரர்கள் பேச ஆரம்பித்தால், ஐந்து நிமிடத்தில் '96' படத்துக்கு வந்துவிடுவார்கள். ஒளிப்பதிவாளர் பிரேம்குமார் இயக்குநராகி எடுத்த முதல் படம், 2018 அக்டோபரில் வந்தது. தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடம், சைக்கிள், இங்க் தெளித்த யூனிஃபார்ம் சட்டை, நேராகப் பார்க்கக்கூட முடியாத வெட்கம். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இதில் ஏதோ ஒன்று தொண்டையில் சிக்கும். எனக்கும்தான். நல்ல படம், அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் இந்தப் படத்தை 'போன் இல்லாத காலத்தின் அழகு' என்று கொண்டாடுகிறவர்கள் அதன் கதையைச் சரியாகக் கவனித்தார்களா என்பதுதான் என் கேள்வி.

கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். ராமின் அப்பாவுக்குக் கடன் தொல்லை. குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் தஞ்சாவூரைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்குப் போய்விடுகிறது. விடுமுறை முடிந்து பள்ளிக்கு வரும் ஜானுவுக்கு அவன் எங்கே போனான் என்றே தெரியாது. சில வருடம் கழித்து ராம் அவள் படிக்கும் கல்லூரிக்குத் தேடிப் போகிறான். உள்ளே தகவல் போகிறது. அவளோ, தன்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த வேறு ஒருவன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, பார்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். ராம் திரும்பிப் போய்விடுகிறான். அவ்வளவுதான், இரண்டு பேருடைய வாழ்க்கையும் திசை மாறிவிட்டது.

நான் சாஃப்ட்வேர் ஆள் என்பதால் எனக்கு இது இப்படித்தான் தெரிகிறது: ஒரு செய்தி போகிறது, அனுப்பியது யார் என்று சரிபார்க்க வழியில்லை, தவறான பதில் வருகிறது, மறுபடி அனுப்பும் ஏற்பாடு இல்லை. நாம் ஏங்குகிற அந்தக் காலம்தான் இந்தக் கதையின் வில்லன். இருபது வருடம் கழித்து இருவரையும் சேர்த்து வைப்பது எது? பழைய நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழு! படம் இதை ஒளிக்கவில்லை. பார்த்த நாம்தான் வசதியாக மறந்துவிட்டோம்.

இதுகூடப் பெரிய விஷயம் இல்லை. இதற்கு அடுத்த அடுக்குதான் முக்கியம். ஜானு ஏன் தேடவில்லை?

ராம் அவள் எந்தக் கல்லூரி என்று கண்டுபிடித்தான், வாசல் வரை போனான். அவளுடைய கல்யாணத்துக்குக்கூடப் போயிருக்கிறான், தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறான். அதாவது ராமுக்கு எல்லாத் தகவலும் கிடைத்துக்கொண்டே இருந்தது. ஜானுவுக்கு ஒன்றுமே தெரியாது. கல்யாண மண்டபத்தில் அவன் வந்துவிட மாட்டானா என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவன் சொல்லவில்லை, தெரியாதவள் காத்திருந்தாள். இதைப் படம் ராமின் கண்ணியமாகக் காட்டுகிறது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறோம்.

1994இல் வந்த தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, இந்தியாவில் நூறு பேருக்குச் சுமார் 0.8 தொலைபேசிதான் இருக்கிறது என்று சொல்கிறது. இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் 25 லட்சம் பேர். அப்படிப்பட்ட நாட்டில் நெட்வொர்க் என்பது என்ன? கால்தான், சைக்கிள்தான். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, எஸ்.டி.டி. பூத், 'டேய், அவன் வீடு எங்க தெரியுமா' என்று கேட்கக்கூடிய பத்துப் பசங்க. வெளியே போகவும் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வரவும் முடிந்தவனுக்கு அந்த நெட்வொர்க் அருமையாக வேலை செய்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, 'ராம் வீட்ல எந்த ஊருக்குப் போனாங்க' என்று தெருவில் நாலு பேரிடம் விசாரித்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே அது அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். அந்தச் செய்தி மட்டும் ஃபைபர் வேகத்தில் போகும்.

நம் ஏக்கப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தெருக் கிரிக்கெட், வாடகை சைக்கிள், கிணற்றில் குதித்தது, செகண்ட் ஷோ பார்த்துவிட்டு நடந்தே வந்தது. இதெல்லாம் யாருடைய பட்டியல்? பெரும்பாலும் பசங்களுடையது. 'நம்மை யாரும் எங்கே இருக்கே என்று கேட்கவில்லை' என்று உருகுகிறோம். கூடப் படித்த பெண்களை எல்லாரும் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். நான் பி.இ. படித்த கல்லூரியில் பெண்கள் விடுதிக்கு வரும் கடிதங்களை வார்டன் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். எங்கள் விடுதியில் கடிதங்கள் ஜன்னல் ஓரம் குவிந்து கிடக்கும், வேண்டியதை நாங்களே எடுத்துக்கொள்வோம். ஒரே வருடம், ஒரே வளாகம், ஒரே தபால்காரர்.

இதோடு '96'இன் கதை நடக்கும் காலத்திலேயே வந்த ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம். அகத்தியனின் 'காதல் கோட்டை', 1996. சிறந்த இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் தேசிய விருது வாங்கியது. முகம் பார்க்காமல் கடிதத்திலேயே காதல். ஆனால் அந்தப் படத்துக்குக் கடிதத்தின் மேல் எந்த மயக்கமும் கிடையாது. இருக்கிற வழி அதுதான், அதனால் எழுதுகிறார்கள். முக்கியமாக, கமலி வீட்டை விட்டுக் கிளம்பிச் சென்னைக்கு வந்து தேடுகிறாள். அவன் ஓட்டும் ஆட்டோவிலேயே ஏறியும் அவன்தான் என்று தெரியாமல் இறங்கிப் போகிறாள். தகவல் இல்லாமல் இருப்பதன் அவஸ்தை பார்ப்பவனைப் பதற வைக்கும். அந்தக் காலத்துக்குள் இருந்து எடுத்தவருக்கு அது அவஸ்தையாகத் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் தள்ளி நின்று பார்க்கும்போது அதே அவஸ்தை இசையோடு சேர்ந்து அழகாகிவிடுகிறது.

'96' முழுக்க ராமின் பக்கம்தான் என்றும் சொல்ல மாட்டேன். ராமின் மாணவிகளிடம் ஜானு தன்னை அவன் மனைவியாகச் சொல்லிக்கொண்டு, கல்லூரியில் அவனைப் பார்த்த மாதிரி ஒரு கதை சொல்வாள். நடக்காத அந்தச் சந்திப்பை அவள் சொல்லச் சொல்ல, அவள் இழந்தது எவ்வளவு என்று நமக்குப் புரியும். படத்தின் மிகச் சிறந்த இடம் என்று நான் நினைப்பது இதுதான். அந்த ஒரு காட்சியில் படம் ஜானுவின் கேள்வியைத் தொட்டுவிடுகிறது. பிறகு மறுபடி ராமின் பெட்டிக்குள் மடித்து வைத்த துணிகளுக்குப் போய்விடுகிறது.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. மகளின் போனை வாங்கிப் பார்க்கும் அப்பாக்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், வார்டன் வேலையை இப்போது லொகேஷன் ஷேரிங் செய்கிறது. அந்தப் பழைய காலத்தின் அமைதியையும் நிதானத்தையும் நானும் இழந்துதான் இருக்கிறேன். ஆனால் அது எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த சொத்து என்று எழுதினால் அது பொய்க்கணக்கு.

எங்கள் கல்லூரி வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்தபோது பசங்களைச் சேர்க்க அதிக நாள் ஆகவில்லை. பெண்களில் பலரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணத்தோடு ஊர் மாறியிருக்கும், அப்பாவின் இனிஷியல் போய்க் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவது? உங்கள் குழுவில் அப்படிச் சிலர் கிடைத்திருந்தால், அடுத்த தடவை 'அதெல்லாம் ஒரு காலம்' என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பும்போது அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: 'உனக்கு அந்தக் காலம் எப்படி இருந்தது?' என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.