கையெழுத்துச் சாயல் எழுத்துருக்கள்: ஒரு மதிப்பீடு

கையால் எழுதியது போன்ற சாயலைக் கணிப்பொறி எழுத்துருக்களில் அமைத்துப் பெயர்ப்பலகை, மணவழைப்பு, நூலின் மேலட்டை ஆகியவற்றில் வழங்கும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. லாஸ்பேட்டைக் கடைத்தெருவில் நடப்பார்க்கும் இஃது எளிதிற் புலனாகும். ஓவியர் தூரிகை கொண்டு எழுதிய இடத்தில் இன்று அச்சிட்ட பதாகை நிற்கின்றது. ஆயினும் அதன்கண் உள்ள எழுத்து, கையெழுத்துப் போலவே தோன்ற விழைகின்றது. அவ்விழைவு எத்துணை நிறைவேறுகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

கையெழுத்தின் உயிர் ஒழுங்கின்மையில் உள்ளது என்பர் சிலர். அது பொருந்தாது. கருவியும் எழுதப்படுபொருளும் கையை இயக்கும் முறையே எழுத்தின் வடிவினை ஆக்குகின்றது. புதுவையில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பினை அச்சிற் படிப்பார் அவர்தம் சொல்லைப் பெறுகின்றனர். எழுதுகோலின் ஓட்டத்தைப் பெறுவதில்லை. அவ்வோட்டத்தை அச்சினுள் கொணர்வதே இவ்வகை எழுத்துருவின் கடன் என்பது எம் கருத்து.

இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடித்த 'கவிவாணர்' இக்கடனை உணர்ந்தது. கையெழுத்தினின்று பிறந்த அதன் சாய்வு, வெறும் அணியன்று. எழுதும் கையின் நடையையே காட்டுகின்றது. விலையின்றி யாவரும் பெறத்தக்கதாயிருத்தலும் பாராட்டிற்குரியது.

நிற்க. இவ்வகை எழுத்துருக்கள் பலவற்றிற்கும் பொதுவான குறைகள் சில உள. பழக்கடைப் பலகையில் 'பப்பாளி' என்னும் சொல்லை நோக்குக. மூன்று பகர வடிவங்களும் சிறிதும் வேறுபாடின்றி நிற்பின், எழுதியது கையன்று என்பது வெளிப்படும். ஓரெழுத்திற்கு இரண்டு மூன்று வடிவங்கள் வகுத்து, இடம் நோக்கி மாறி வருமாறு அமைத்தல் இன்றைய கணிப்பொறிக்கு இயல்வதே.

இனி, ஐகார வடிவம். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' இதழில் வழங்கிய எழுத்துச் சீர்மையைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. ணகர, லகர, ளகர, னகரங்களின் ஐகாரத்திற்கு முன்னர் இருந்த துதிக்கை போன்ற சுழிப்பு அதனால் நீங்கிற்று. அச்சிற்கு அஃது எளிமை தந்தது. எனினும் முதியோர் சிலர் கையில் அச்சுழிப்பு இன்றும் வாழ்கின்றது. கையெழுத்துச் சாயல் வேண்டுவோர் அதனை விருப்ப வடிவமாகவேனும் சேர்த்தல் தகும்.

எல்லாவற்றினும் கருதத்தக்கது புள்ளி. மெய் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. ஓலையில் எழுதினோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். பயின்ற புலவர் இடம் நோக்கிப் பொருள் துணிந்தனர். பதாகையைக் கடந்து விரைவார்க்கு அவ்வோய்வு இல்லை. 'பால்' என்பதன் புள்ளி மெலிந்து மறையின் 'பால' என நின்று மயக்கும். மருந்துச் சீட்டு, பேருந்து வழித்தடம் போன்றவற்றில் இம்மயக்கம் தீங்காகவும் முடியும். ஆகலின் அத்தகைய இடங்களில் நேரிய அச்செழுத்தே வேண்டற்பாலது.

ஓலை எழுத்தாளர் புள்ளியை விடுத்தது கருவியின் இடர்ப்பாட்டால். அவ்விடர்ப்பாடு நமக்கு இல்லை. அழகின் பொருட்டுப் புள்ளியை இழத்தல் எழுத்தையே இழத்தலாகும்.